சிவப்புத் தொப்பிக்காரன் திரும்பிய நேரம்

விசில் சத்தம் கேட்டதும் அவளுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. இடுப்பளவு தண்ணீரில் தன் பாட்டுக்கு நிற்கிற பெண்ணைப் பார்த்து விசிலடிக்கிறவனை என்ன செய்வது? தீவில் வந்து இறங்கி முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை... அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறினாள். கூரை போட்ட உயரமான மர நாற்காலியில் சிவப்புத் தொப்பியோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். கடற்கரையின் லைஃப்கார்டு.

"யாரைப் பார்த்து விசிலடிக்கிறீங்க?"

"உங்களைத்தான் மேடம். அந்தக் கொடியத் தாண்டிப் போகக்கூடாது. அடியில இழுப்பு இருக்கு."

அவன் சொன்னதில் தப்பில்லை. சொன்ன விதம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் பக்கம் திரும்பவே இல்லை... கடலோடு பேசுகிறவன் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு பேசினான். அவளோ கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். நாள் முழுக்க ஊரார் கண்ணுக்குள் பார்ப்பதுதான் அவள் பிழைப்பே.

"பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசணும். அதுதான் மரியாதை."

"உங்க முகத்தைப் பார்த்துட்டு இருந்தா அங்க ஒருத்தர் முழுகிடுவாரு. அது மரியாதையா?"

விறுவிறுவென்று விடுதிக்கு நடந்தாள். பாதி வழியில் சிரிப்பு வந்தது, அதையும் அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற நிலைமையிலா அவள் இருந்தாள்?

அவளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை, பக்கத்தில் நின்ற தங்கையைப் பார்த்துவிட்டான். சின்னவளைக் கொடுப்பீர்களா என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். வீட்டில் யாரும் கோபப்படவில்லை. வந்த சம்பந்தத்தை ஏன் விட வேண்டும் என்றார் அப்பா. தங்கை அழுதாள், ஆனால் மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை... அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. கல்யாணத்தில் மூத்தவள் தனியாக நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். அப்பாவே டிக்கெட் போட்டு, விடுதியும் பார்த்து, "நீயும் எங்கதான் போயிருக்கே, ஒரு வாரம் சுத்திட்டு வாம்மா" என்று அனுப்பிவைத்தார். கறிவேப்பிலையை ஒதுக்குகிறவர்கள்கூட இவ்வளவு அன்பாக ஒதுக்க மாட்டார்கள்.

மறுநாள் தூறல். மழைக்கு ஒதுங்க அந்த நாற்காலியின் அடிதான் கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

"கோபம் போச்சா?" மேலேயிருந்து குரல் வந்தது. கண் மட்டும் கடலில்தான்.

"மழைக்கு ஒதுங்கினேன். உங்களுக்காக ஒண்ணும் வரல."

"நானும் உங்களுக்காக மழையக் கொண்டுவரல... தனியாவா வந்திருக்கீங்க?"

"ஏன், வரக்கூடாதா?"

"தாராளமா வரலாம். தனியா நீந்தத்தான் கூடாது."

"எனக்குப் பிடிச்சுத்தான் தனியா வந்தேன்" என்றாள். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது... பேச்சு அப்படியே அவள் வேலைக்குப் போனது.

"அப்ப என் கண்ணு எப்படி இருக்குன்னு சொல்லுங்களேன், கண்ணாடிக்கடை."

"காட்டினாத்தானே சொல்ல முடியும்?"

"அஞ்சு மணிக்கு டியூட்டி முடியும். இறங்கி வந்து காட்டுறேன்."

எட்டிப் பார்த்தாள். சாரல் துளி ஒன்று அவன் தாடையில் வழிந்து நின்றது. அதைத் துடைக்கக்கூட அவன் பார்வையை எடுக்கவில்லை. இப்படி ஒருவன் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால்... என்று ஓடிய நினைப்பை அவள் பாதியில் பிடித்து நிறுத்தினாள். ஐந்து மணி நெருங்கியதும் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டாள். கிட்டத்தில் வந்து பார்த்தவன் என்ன செய்வான் என்பதுதான் அவளுக்குத் தெரியுமே.

அதற்கு மறுநாள் தங்கைக்குக் கல்யாணம். வெயில் பளிச்சென்று அடித்தது, கடலில் நல்ல கூட்டம். அவள் அதே நிழலில் உட்கார்ந்திருந்தபோது அம்மா போனில் கூப்பிட்டாள்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதும்மா. சம்பந்தி வீட்ல பெரியவ எங்கன்னு கேட்டாங்க. ஜாலியா ஊர் சுத்துறான்னு சொல்லியிருக்கேன். சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, காட்டணும்."

சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். உதடு சிரித்தது... கண் கேட்கவில்லை. இன்னொரு தடவை சிரித்துப் பார்த்தாள். அதற்குமேல் முடியவில்லை, வாய்விட்டு அழுதுவிட்டாள்.

"என்னாச்சுங்க?"

குரல் வேறு மாதிரி இருந்தது. நிமிர்ந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயிலுக்குச் சுருங்கிச் சுருங்கி ஓரத்தில் கோடு விழுந்த கண்கள். பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று தேடாத கண்கள்...

"எங்க வீட்ல இன்னிக்குக் கல்யாணம்" என்றாள். "என்னை வர வேண்டாம்னுட்டாங்க."

அவன் திரும்பவில்லை. கடலைப் பாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். யாரோ தன்னையே பார்ப்பது அவளுக்கு அவ்வளவு புதிதாக இருந்தது.

அப்போதுதான் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. கொடிக்கு அந்தப்பக்கம் ஒரு சின்னக் கை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. அவன் நாற்காலியிலிருந்து குதித்து ஓடினான்.

தூக்கிக்கொண்டு வந்தபோது சிறுமியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. மணலில் கிடத்தி நெஞ்சை அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான். கடைசியில் தண்ணீரைக் கக்கி மூச்சு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

அவள் கிளம்புகிற அன்று படகுத்துறைக்கு வந்தான். தலையில் தொப்பி இல்லை. தூக்கம் இல்லாத முகம்.

"அந்தப் பொண்ணு?"

"பிழைச்சுக்கிட்டா. ஐஸ்கிரீம் கேக்குறாளாம்."

"அப்பாடா... அப்புறம் என்ன?"

"அவங்கப்பா என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'நீ எங்க பார்த்துட்டு இருந்தே தம்பி'ன்னு கேட்டாரு. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

"என்னாலதான்."

"நீங்க அழுதீங்க. திரும்பினது நான்."

படகில் பெட்டிகளை ஏற்ற ஆரம்பித்தார்கள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"பிடிச்சு வந்தேன்னு சொன்னது பொய். வீட்ல அனுப்பிட்டாங்க. அன்னிக்கு அஞ்சு மணிக்கு நான் இருந்திருக்கணும்... கிட்டப் பார்த்தா நீங்களும் வேண்டாம்னுடுவீங்களோன்னு பயம். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதை யார்கிட்டயும் நான் சொன்னதில்ல."

அவன் அவளை நேராகப் பார்த்தான்.

"எனக்கும் பிடிச்சிருக்கு. முதல் நாள் அதட்டிட்டுப் போனீங்களே, அப்பவே திரும்பிப் பார்க்கணும்னு இருந்துச்சு. எப்படியோ அடக்கிக்கிட்டேன்... ஆனா இப்ப உங்களைப் பார்க்குறப்பெல்லாம் பின்னாடி அந்தக் கைதான் தெரியுது. கூடவே இருந்தா, ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள், உன்னாலதான்னு சொல்லிடுவேன்."

"சொன்னா சொல்லிட்டுப் போங்க. நான் கேட்டுக்கிறேன்."

"நீங்க கேட்டுக்குவீங்க. அதான் பயமா இருக்கு."

"அப்ப... கூப்பிட மாட்டீங்க?"

"மாட்டேன்."

இதுவரை அவளை வேண்டாம் என்றவர்கள் எல்லாரும் பிடிக்காமல்தான் வேண்டாம் என்றார்கள். அது பழகிவிட்டது, தூசி மாதிரி தட்டிவிட்டுப் போகவும் தெரியும். பிடித்திருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் இவன்தான். இவனை எப்படித் தட்டிவிட்டுப் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைக்காமலே படகில் ஏறினாள்.