இரண்டாம் முறை விலகிய தோள்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நிஷாந்தியின் வலது தோள்மூட்டு விலகியது.

பேராதனை பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஓடி வந்தவளுக்கு மிதிபலகையில் நின்ற ஒருவன் கை நீட்டினான். பிடித்தாள். இழுத்தான். அவள் ஏறிவிட்டாள்... தோள் மட்டும் ஏறவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கூட்டிப் போனான். மூட்டைச் சரியாக்கி, கழுத்தோடு பட்டி மாட்டிக் கையைக் கட்டி அனுப்பினார்கள். வெளியே தூறல். அவளுக்குக் குடை பிடித்து, தான் நனைந்து நின்றான் அவன். பெயர் திலக்ஷன். பேராதனையில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தான். ஈர இமைகளுக்குள் அப்படியொரு பயந்த கண்கள்...

"நீங்க கை குடுத்தீங்களா, கையப் பிடுங்கினீங்களா?"

"குடுக்கத்தான் பாத்தேன்... அது என்னோட வந்திருச்சு."

வலியிலும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மூன்று வாரத்தில் பிசியோதெரபி நிலையத்தில் தோளுக்கான பயிற்சி தொடங்கியது. செவ்வாயும் வெள்ளியும் அவள் மஹய்யாவ பகுதியிலிருந்த தன் வீட்டிலிருந்து வந்து சேரும்போது, அந்த நிலைய வாசலில் அவன் நிற்பான். "என்னாலதானே..." என்று பையை வாங்கிக்கொள்வான்.

முதல் நாளே பயிற்சியாளர் ஹில்மி கேட்டார். "இதுக்கு முந்தி இந்தத் தோள் கழண்டு ஈக்கா மகள்?"

நிஷாந்தி திலக்ஷனைப் பார்த்தாள். "இல்ல சேர்."

பொய். மூன்று வருடத்துக்கு முன் வலைப்பந்து ஆடும்போது ஒருமுறை விலகியது. வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை அமையாது என்று அம்மா சுந்தரி அதை மறைத்துவிட்டாள். ஆனால் அந்த நிமிடம் நிஷாந்தி நினைத்தது வேறு. தன் குற்றம் என்று நம்பித்தானே இவன் வருகிறான்... இல்லையென்று தெரிந்தால்?

முழங்கையை விலாவோடு ஒட்டி, ரப்பர் பட்டியை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். அவன் எண்ணுவான். ஏழுக்குப் பிறகு ஒன்பது.

"எட்டு எங்க?"

"வலிக்குதேன்னு விட்டுட்டேன்."

"இப்படி எண்ணிக் கடையில கொப்பி அடிச்சா ஆளுங்க அடிக்க வருவாங்க."

ஆகஸ்டில், தான் வேலை செய்யும் துணிக்கடையில் மேல்தட்டுச் சேலையை எடுக்கக் கையை உயர்த்தினாள். மூட்டுக்குள் ஏதோ வழுக்கியது. விலகவில்லை, விலகப் பார்த்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய் ஹில்மி, "இன்னும் ரெண்டு கெழமைல முடிச்சிரலாம்" என்றார்.

"சேர்... இது ரெண்டாவது தடவ." முழுவதையும் சொன்னாள். திலக்ஷனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இப்பயாச்சும் சொன்னீங்களே. முந்திக் கழண்ட தோளெண்டா லேசா இழுத்தாலும் வந்துரும். பயிற்சி இன்னும் நாலு மாசம். கைய ஒசத்திப் பின்னுக்குக் கொண்டுபோக வாணாம். சர்ஜனுக்கும் ஒருக்கா காட்டுவம்."

வெளியே மழை.

"ரெண்டு மாசமா நான் சரியாத் தூங்கல. ஏன் சொல்லல?" என்றான்.

சொன்னால் வரமாட்டீர்களே... நாக்கு வரை வந்தது. "இனிமே பாவம் பாத்து வரத் தேவையில்ல" என்றுதான் சொன்னாள்.

பையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை வாசலில் யாருமில்லை. உள்ளே சுவரில் கைகளை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தாள். கண் அடிக்கடி கதவுக்குப் போனது. அரை மணி பிந்தி, சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான்.

"இப்பதான் உங்க மேல தப்பில்லையே. எதுக்கு வந்தீங்க?"

"இவ்வளவு நாளும் தப்புக்காக வந்தேன். இன்னைக்குத்தான் எனக்காக வந்தேன்..." முகத்து ஈரத்தைத் துடைத்தான். "உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு நிஷாந்தி. தோளோட சேத்துத்தான்."

அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கும் பிடிச்சதாலதான் பொய் சொன்னேன். உண்மை தெரிஞ்சா நீங்க வராமப் போயிருவீங்கன்னு..."

"கை நிக்குது மகள்" என்றார் ஹில்மி.

பயிற்சி டிசம்பர் வரை நடந்தது. தோள் மறுபடி விலகவில்லை. தை மாதம் அவர்களுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது.