ஸ்வெட்டருக்குள் தொலைந்த அப்பா

அந்தச் சனிக்கிழமை காலையில் வெற்றிவேல் தன்னுடைய மெரூன் நிற ஸ்வெட்டரைத் தலைவழியாக மாட்டினார். தலை வெளியே வந்துவிட்டது. கைகள்தான் வரவில்லை.

"தர்ஷினி, என் கை எங்கம்மா போச்சு?" என்று கூப்பிட்டார்.

தேவதர்ஷினி ஓடி வந்து பார்த்தாள். ஸ்வெட்டரின் கைகள் அப்பாவின் விரல்களைத் தாண்டி யானைத் துதிக்கை மாதிரித் தொங்கின. இடுப்புப் பக்கம் இன்னும் மோசம். அங்கே அவளும் புகுந்து நின்றுகொள்ளலாம் போல இருந்தது.

சும்மா இருப்பாளா? குனிந்து உள்ளே புகுந்தே விட்டாள். அப்பா சிரித்தார். ஆனால் உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"சிரிக்க வைக்காதம்மா. தையல் போட்ட எடம் இழுக்குது."

வெற்றிவேல், மலைமேல் இருக்கும் அவர்கள் ஊர் வெள்ளிமலைக்கும் கீழே கள்ளக்குறிச்சிக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். புரட்டாசி மாதத்தில் அவருக்குக் குடல்வால் வீங்கி உள்ளேயே வெடித்துவிட்டது. இரண்டு முறை ஆபரேஷன் செய்தார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த இருபத்தொரு நாட்களில் தர்ஷினி ஒரு நாள்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பா வீடு திரும்பினார். ஆனால் பாதி அப்பாதான் திரும்பியது போல இருந்தது. பழைய தொப்பையைக் காணோம். கன்னத்தையும் காணோம். "பயப்படாதீங்க, போன உடம்பு மெதுவாத் திரும்பி வரும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இப்போது மார்கழி. வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதியும் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸை அப்பாதான் எடுக்கப்போகிறார்.

"ஓட்டிப் பாக்கலாமாப்பா?" என்றாள் தர்ஷினி.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். தர்ஷினி ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதுதான் ஸ்டியரிங். அவள் பின்னால் பலகையில் உட்கார்ந்து, "கள்ளக்குறிச்சி ஒண்ணு!" என்றாள்.

"உர்ர்ர்ர்..." என்று வண்டி கிளம்பியது. முதல் வளைவில் அப்பா தட்டை இடப்பக்கம் ஒடித்தார். ஸ்வெட்டர்க் கை சரிந்து விரல்களை மூடியது. இரண்டாவது வளைவில் வலப்பக்கம் ஒடித்தார். கட்டைவிரல் கம்பளிக்குள் மாட்டிக்கொண்டது. டமார்! ஸ்டியரிங் தரையில் விழுந்து உருண்டு, அடுப்படி வரைக்கும் போனது.

யாரும் சிரிக்கவில்லை.

"ஸ்வெட்டர் போடாமலே போய்க்கிறேன்" என்றார் அப்பா மெதுவாக.

அடுப்படியிலிருந்து அம்மா நிர்மலா தட்டோடு வந்தாள். "இந்தக் குளிர்லயா? சளி புடிச்சா இருமல் வரும். ஒரு இருமலுக்கே வயித்தைப் புடிச்சிக்கினு துடிக்கிறீங்க. புதுசு ஒண்ணு வாங்கிக்கலாங்க."

"நாலு மாசத்துல பழைய உடம்பு வந்துடும். அப்புறம் அந்தப் புதுசை இன்னா பண்றது? தர்ஷினிக்குப் போடலாம்னா அவளுக்கு அது கவுனு மாதிரி இருக்கும்."

அப்பா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்தார். தர்ஷினிக்கு மனசு கேட்கவில்லை. அப்பாவின் காக்கிச் சட்டைகளையும் பேன்ட்டுகளையும் தையல்காரர் சந்தியா அக்கா பிடித்துக் கொடுத்திருந்தார். சட்டையைச் சின்னதாக்க முடியும் என்றால் ஸ்வெட்டரை முடியாதா?

அவள் ஸ்வெட்டரை அள்ளிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினாள்.

சந்தியா அக்கா ஸ்வெட்டரை இழுத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது நமக்கு ஆவாதும்மா. சட்டைன்னா துணி. வெட்டலாம், தைக்கலாம். இது நூலைக் கோத்துக் கோத்துப் பின்னினது. ஒரு எடத்துல கத்திரி பட்டா மொத்தமும் ஓடிப்பூடும். எம்மெஷின்ல வச்சா கம்பளியை உள்ள இழுத்துக்கும். போன வருசம் ஒருத்தரோடதைக் கெடுத்துட்டு நான் வாங்கின பேச்சு எனக்குத்தான் தெரியும்."

"வேற வழியே இல்லையாக்கா?"

"எனக்குத் தெரியல கண்ணு" என்றார் அக்கா. பொய் சொல்லத் தெரியாதவர்.

திரும்பும் வழியில் பக்கத்து வீட்டுத் தமிழழகன் எதிரே வந்தான். அவளோடு ஆறாம் வகுப்புப் படிப்பவன். எந்தக் கேள்விக்கும் அவனிடம் பதில் இருக்கும். சரியான பதிலா என்பது வேறு விஷயம்.

"கொதிக்கிற தண்ணியில போடு. சுருங்கிடும்" என்றான் அவன்.

"நிஜமாவா?"

"எங்க மாமாவோடது அப்பிடித்தான் சுருங்குச்சு. இப்ப அதை எங்க தங்கச்சி போட்டுக்கினு இருக்கா."

தர்ஷினி யோசித்தாள். அப்பாவிடம் இருப்பது ஒரே ஒரு ஸ்வெட்டர். அதைக் கொண்டுபோய்க் கொதிக்கும் தண்ணீரில் போடுவதா? வீட்டில் பழைய துணி மூட்டையில் ஒரு பச்சை மங்கி குல்லா கிடந்தது. நெற்றிப் பக்கம் எலி கடித்திருந்தது. கெட்டுப்போனால் அது கெட்டுப்போகட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்தாள்.

"அடிப்பாவி! இன்னாடி இது, குல்லாக் குழம்பா?"

குல்லா சுருங்கவில்லை. இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்து, பூசணிக்காய்க்கு மாட்டிவிடலாம் போலத் தளர்ந்துவிட்டது. 'நல்லவேளை! அப்பாவுடையதைப் போடவில்லை' என்று தர்ஷினி பெருமூச்சு விட்டாள். அம்மா சட்டியை மூன்று முறை கழுவ வைத்தாள்.

வெயிலில் குல்லா காய்ந்து கொஞ்சம் இறுகியதும் தர்ஷினி வாசலில் உட்கார்ந்து, அதன் ஓரத்தைக் கத்திரியால் வெட்டினாள். சந்தியா அக்கா சொன்னது சரிதான். ஒரு நூலைப் பிடித்து இழுத்ததும் சரசரவென்று வரிசை வரிசையாகப் பிரிந்தது. நூடுல்ஸ் மாதிரி சுருள் சுருளாகப் பச்சை நூல் மடியில் குவிந்தது.

'அப்படியானால் வெட்டவே கூடாது. வெட்டாமல் மடித்துத் தைத்தால்?'

மீதிக் குல்லாவை மடித்து, சட்டைப் பொத்தான் தைக்கும் நூலால் தைத்தாள். அழகாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். டப்! நூல் அறுந்துவிட்டது.

மறுபடி தைத்தாள். மறுபடியும் டப்!

தர்ஷினிக்கு அழுகை வரும் போல இருந்தது. அறுந்த நூலைப் பார்த்தாள். குல்லாவை இழுத்தாள், விட்டாள். இழுத்தாள், விட்டாள். குல்லா நீண்டு நீண்டு சுருங்கியது. நூல் மட்டும் நீளாமல் அப்படியே நின்றது.

"அதான் அறுந்துபோகுது!" என்று எழுந்தே நின்றுவிட்டாள். "கம்பளி நீளுது. நூல் நீள மாட்டேங்குது!"

நீளக்கூடிய நூல் வேண்டும். எங்கே கிடைக்கும்? அவள் எழுந்தபோது மடியிலிருந்து அது தரையில் உருண்டு விழுந்திருந்தது. குல்லாவிலிருந்து பிரிந்த பச்சைச் சுருள் நூல்!

ஆனால் அந்தத் தடித்த நூல் தையல் ஊசியின் காதில் நுழையவில்லை. மூட்டை தைக்கும் கோணி ஊசியில் நுழைந்தது. கோணி ஊசியால் கொஞ்சம் தளர்த்தித் தைத்து, பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். தையலும் சேர்ந்து நீண்டது. விட்டதும் சேர்ந்து சுருங்கியது. அறுந்துபோகவே இல்லை.

அப்புறம்தான் ஸ்வெட்டரைத் தொட்டாள்.

எவ்வளவு பிடிப்பது? அப்பா மாத்திரை போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். தர்ஷினி, சந்தியா அக்கா பிடித்துக் கொடுத்த காக்கிச் சட்டையை எடுத்தாள். ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரியும்படித் திருப்பிப் போட்டு, அதன் மேல் சட்டையை விரித்தாள். சட்டைக்கு மேலேதானே ஸ்வெட்டர் போடுவார்? அதனால் சட்டையின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிச் சாக்பீஸால் கோடு போட்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பக்கம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு பக்கம். பிறகு கைகள். முதல் கையில் ஒரு கூத்து நடந்தது. தைத்து முடித்துத் தன் கையை விட்டுப் பார்த்தாள். கை பாதி வழியில் நின்றுவிட்டது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் குறுக்கே சேர்த்துத் தைத்திருந்தாள்! முனகிக்கொண்டே பிரித்து, மறுபடி தைத்தாள். மணிக்கட்டு வரும் இடத்தை மட்டும் நன்றாக இறுக்கிப் பிடித்தாள். அங்கே கவ்விக்கொண்டால்தான் கை சரியாது.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஸ்வெட்டரின் உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் மிச்சக் கம்பளி நாக்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

"நல்லாத் தச்சிருக்கியேடி! இந்த மிச்சம்தான் உள்ள உறுத்தும். தையலுக்கு இந்தப் பக்கமா வெட்டி எடுத்துடலாமா?"

"வேணாம்மா" என்றாள் தர்ஷினி. "அப்பா மறுபடி குண்டாவாரு இல்ல? அப்ப தையலைப் பிரிச்சு வுட்டுடலாம். வெட்டிட்டா எங்க போறது?"

அம்மா தர்ஷினியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலிருந்து அம்மாவின் நெற்றியில் ஒரு சுருக்கம் இருந்தது. அது இப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தது. பிறகு அம்மாவும் ஒரு ஊசியை எடுத்து, மிச்சக் கம்பளியை உறுத்தாமல் படிய வைத்து அங்கங்கே ஒரு தையல் போட்டாள்.

சாயங்காலம் அப்பா ஸ்வெட்டரை மாட்டினார். தலை வந்தது. கைகளும் வந்தன! தட்டை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இடப்பக்கம் ஒடித்தார். வலப்பக்கம் ஒடித்தார். கொண்டை ஊசி வளைவு மாதிரி முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினார். ஸ்வெட்டர்க் கை மணிக்கட்டை விட்டு அசையவில்லை.

உள்பக்கத்தைப் புரட்டிப் பச்சைத் தையலைப் பார்த்தார்.

"எனக்கும் தையல், என் ஸ்வெட்டருக்கும் தையல்" என்றார். "டாக்டரு போட்டதை விட நீ போட்டது நேரா இருக்குதும்மா!"

சிரித்தார். இந்த முறை வயிற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை விடிந்தபோது வெள்ளிமலை முழுக்கப் பனி. பஸ்ஸின் கண்ணாடியில் நீர் வழிந்தது. தர்ஷினியும் அம்மாவும் வழியனுப்ப வந்திருந்தார்கள். பஸ் முதலாளி நாராயணசாமியும் முந்தின நாளே மலைக்கு வந்து தங்கியிருந்தார். அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆளு பாதியாயிட்டியே வெற்றிவேலு! வளைவுல ஒடிக்கத் தெம்பு இருக்குதா?"

"இருக்குதுங்க."

"உன்னை நம்பாம இல்ல. ஆனா அம்பது உசுரு வண்டியில வரும். நானும் கூட வரேன். எனக்குத் திருப்தின்னா நீதான் டிரைவரு. இல்லன்னா கொஞ்ச நாளு ஆபீஸ்ல உக்காரு."

அப்பா தலையாட்டினார். முதலாளி முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். பஸ் பனிக்குள் போய் மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் தர்ஷினிக்கு ஒன்றும் ஓடவில்லை. கணக்கு டீச்சர் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டார். "பத்தரை மணி, டீச்சர்" என்றாள். அதுதான் பஸ் திரும்பி வரும் நேரம். வகுப்பே சிரித்தது.

பத்தரை ஆனது. பஸ் வரவில்லை. பத்தே முக்கால். தர்ஷினி பென்சிலைக் கடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள். தையல் விட்டுப்போயிருக்குமோ? கட்டைவிரல் மாட்டியிருக்குமோ? பதினொன்று.

பாம்... பாம் பாம்!

பள்ளிக்கூட வளைவில் இப்படி ஹாரன் அடிப்பவர் ஒரே ஒருவர்தான். தர்ஷினி அப்படியே பெஞ்சில் சாய்ந்தாள். 

"டீச்சர், அம்பத்தாறு!" என்று கத்தினாள்.

சாயங்காலம் அப்பா சொன்ன கதையைக் கேட்டு வீடே சிரித்தது.

"ஏன்பா லேட்டு?" என்றாள் தர்ஷினி.

"வண்டியில ஏறினவங்கல்லாம் 'டிரைவரு வந்துட்டாரு, டிரைவரு வந்துட்டாரு'ன்னு ஆளாளுக்கு உடம்பை விசாரிச்சாங்க. ஒவ்வொரு ஸ்டாப்லயும் அஞ்சு நிமிசம் போச்சு."

"முதலாளி இன்னாங்க சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள்.

"அவரு எங்க சொன்னாரு? மூணாவது வளைவுலயே தூங்கிட்டாரு! மலை எறங்கி, கச்சிராயபாளையத்துல எழுப்பி, 'திருப்தியாங்க?'ன்னு கேட்டேன். 'வண்டி எப்பக் கிளம்புச்சு?'ன்னு என்னையே கேக்குறாரு!"

மாசி மாதம் வந்தது. ஒரு நாள் விடிகாலையில் அப்பா ஸ்வெட்டரை மாட்டியதும், "தர்ஷினி, மூச்சு முட்டுதும்மா" என்றார்.

தர்ஷினி வந்து பார்த்தாள். இடுப்புப் பக்கம் பச்சைத் தையல் விறைத்து நின்றது. ஸ்வெட்டருக்குள்ளிருந்து ஒரு குட்டித் தொப்பை எட்டிப் பார்த்தது. அவள் அதை ஒரு விரலால் குத்திப் பார்த்தாள். நிஜம்தான்!

"அம்மா! அப்பாவுக்கு ஸ்வெட்டர் பத்தலம்மா!" என்று தெருவுக்கே கேட்கும்படிக் கூவினாள்.

அன்று சாயங்காலமே கோணி ஊசியோடு உட்கார்ந்து, பழைய தையலைப் பிரித்துவிட்டு, ஒரு விரல் தள்ளிப் புதுத் தையல் போட்டாள். மிச்சக் கம்பளி இன்னும் உள்ளே இருந்தது. நிறையவே இருந்தது.

அடுப்படியில் அம்மா அப்பாவுக்கு ஐந்தாவது தோசையை ஊற்றிக்கொண்டிருந்தாள்.