நூறு தடவை கடலுக்குப் போன ஜாக்கெட்

வீட்டில் எல்லாரும் அவளை 'போலீஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பத்துதான். பாக்கெட்டில் தேதி பார்க்காமல் பால் குடிக்க மாட்டாள். எங்கேயாவது "இலவசம்" என்று எழுதியிருந்தால், ஏன் இலவசம் என்று கேட்காமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள்.

அப்படிப்பட்டவளைத்தான் சித்தி, கடலுக்கடியில் மூழ்கி நீந்த உதவும் ஸ்கூபா சாமான் வாங்கக் கூட்டிப் போனாள்.

சித்தி நீச்சல் குளத்தில் பயிற்சி முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாகக் கடலுக்குள் இறங்கப் போகிறாள். வாடகைச் சாமான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வாயில் கடித்துக்கொள்ளும் ரப்பரில் யார் யாருடைய பல் தடமோ பதிந்திருந்தது. புதிதாக வாங்கலாம் என்றால் விலை கையைக் கடித்தது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு சலூன்காரர் முழு செட்டையும் பாதி விலைக்கும் கீழே விற்கிறார் என்று தெரிந்தது.

"பாதிக்கும் கீழயா? ஏன் சித்தி?" என்றாள் போலீஸ்.

"ஆரம்பிச்சுட்டியா? அங்க வந்து வாயத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

சலூன் சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. அதில் சலூன்காரர் கறுப்பு நீச்சல் உடையில் இடுப்பில் கை வைத்து நின்றார். முகத்தில் நுரையோடு ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"சுறா எனக்கு நேரா வந்துச்சுங்க," என்று அவரிடம் சலூன்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் அசையல. அதுவா வெட்கப்பட்டுத் திரும்பிப் போயிடுச்சு."

சுறா வெட்கப்படுமா? போலீஸின் காது விடைத்தது.

"அண்ணே, சாமான் பார்க்க வந்தோம்," என்றாள் சித்தி.

அவர் உள்ளே போய் ஒரு பையைத் தூக்கி வந்தார். மாஸ்க், நீந்த உதவும் துடுப்புகள், காற்றடைத்து மிதக்கும் ஜாக்கெட், ரெகுலேட்டர். முதுகில் மாட்டும் சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றைக் கொண்டுவருவது அந்த ரெகுலேட்டர்தான். எல்லாமே பளபளவென்று இருந்தன. சித்தியின் கண்ணும் பளபளத்தது.

"நிறைய தடவை போட்டதாண்ணே?"

"நூறு தடவை இறங்கியிருப்பேம்மா. போன மாசம்கூடப் போனேன்."

"அப்புறம் ஏன் விக்கிறீங்க?"

"முதுகு வலி." பிறகு நுரைக்காரரைப் பார்த்துவிட்டு, "அதோட, வேற நல்ல செட்டு ஒண்ணு வாங்கப் போறேன்," என்றார்.

முதுகு வலிக்காரருக்கு வேறு செட் எதற்கு? போலீஸ் வாயைத் திறக்கவில்லை. கையைத்தான் நீட்டினாள்.

முதலில் ரெகுலேட்டரின் ரப்பரைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ஒரு பல் தடம்கூட இல்லை. அடுத்து ஜாக்கெட்டின் பைக்குள் கைவிட்டாள். 'உண்ணாதீர்கள்' என்று எழுதிய குட்டிக் காகிதப் பொட்டலம் ஒன்று கிடைத்தது. புதுச் செருப்புப் பெட்டியில் இருக்குமே, அதே பொட்டலம். அது கொஞ்சம்கூட நனைந்திருக்கவில்லை.

போலீஸுக்குத் தலை சுற்றியது. நூறு தடவை போட்டதை ஒரே தடவை போட்டதாகச் சொல்லி விற்பவர்கள் உண்டு. ஒரு தடவைகூடப் போடாததை நூறு தடவை போட்டதாக யாராவது சொல்வார்களா? அப்படியானால் இது இவருடையதே இல்லையோ? திருட்டுச் சாமானோ?

சித்தி பணப்பையைத் திறந்துவிட்டாள்.

கேட்டுவிடலாம் என்று போலீஸ் வாயெடுத்தாள். அப்போது சலூன்காரரின் முகத்தைப் பார்த்தாள். பொட்டலத்தை அவரும் பார்த்துவிட்டார். அவர் பயந்து பயந்து பார்த்தது அவளை அல்ல, நுரைக்காரரை.

"மாமா, உள்ள வந்து கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?" என்றாள் போலீஸ்.

உள்ளறையில் பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள். "இது உங்களோடதுதானா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சத்தியமா என்னோடதுதான் பாப்பா. பில்லுகூட இருக்கு." அவர் டப்பாவைத் துழாவி எடுத்துக் காட்டினார். தேதி ஆறு வருடத்துக்கு முந்தையது. "முதல் நாள் குளத்துல மாஸ்க்க மட்டும் மாட்டிட்டு இறங்கினேன், உள்ள தண்ணி வந்துச்சு. அலறிட்டு வெளிய ஓடி வந்துட்டேன். மறுநாள் கடைக்கு வந்தவங்க எல்லாம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. அருமைன்னு சொல்லித் தொலைச்சேன்."

"அப்புறம் சுறா வந்துடுச்சு."

"ஆமா," என்றார் அவர் தலையைக் குனிந்துகொண்டு. "கெடாத சாமான்தானே, யாருக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன்."

"ஆறு வருஷமா மடிச்சு வெச்ச ரப்பர், மாமா. எங்க சித்தி இதுலதான் மூச்சு விடப் போறா."

அவர் முகம் வெளிறிவிட்டது. அதில் இப்படி ஓர் ஆபத்து இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை போலும்.

"வெளிய சொல்லிடுவியா?"

"சித்திகிட்ட மட்டும் சொல்லணும். நான் கேட்டது சாமானைப் பத்திதான். சுறாவைப் பத்தி ஒண்ணும் கேட்கலையே."

அன்று சாயங்காலமே மூவரும் டைவிங் கடைக்குப் போனார்கள். மெக்கானிக் ரெகுலேட்டரைப் பிரித்து, உள்ளிருந்த சின்ன ரப்பர் வளையத்தை விரலால் அழுத்தினார். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. சித்தி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சும்மா வெச்சிருந்தாலும் ரப்பர் காஞ்சு போகும்," என்றார் மெக்கானிக். "எல்லாம் மாத்தித் தர்றேன். உலோகப் பாகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அந்தச் செலவு என்னோடது," என்றார் சலூன்காரர் உடனே.

"இனிமே உன்ன எங்கயும் வாயத் திறக்கக் கூடாதுன்னு சொல்ல மாட்டேன்," என்று சித்தி போலீஸின் தலையைத் தடவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி பயிற்சியாளரோடு கடலில் இறங்கினாள். போலீஸ் கரையோர மரப்பாலத்தின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தாள். பக்கத்தில் சலூன்காரர். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"குமிழி வருதா?"

"வருது மாமா."

"அது உங்க சித்தியோடதுதானா? மீன் விட்டதா இருந்தா?"

"மீன் இவ்ளோ பெரிய குமிழி விடாது."

"எப்படி அவ்ளோ உறுதியாச் சொல்ற?"

இவர் தன்னைவிடப் பெரிய போலீஸாக இருக்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவளும் குமிழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு அவர் பேசவே இல்லை.

தண்ணீர் கலைந்தது. சித்தி தலையை நீட்டி, மாஸ்க்கை மேலே தள்ளிவிட்டுச் சிரித்தாள். "காத்து சூப்பரா வந்துச்சு," என்று கத்தினாள்.

புஸ்ஸென்று பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. போலீஸ் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிவந்துபோய்ச் சலூன்காரர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சித்தி உள்ளே நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கரையில் உட்கார்ந்திருந்தவர்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.