உலகம்மாளுக்குச் சுடவில்லை

வெயில்தாங்கியை அணைத்த பிறகுதான் நோயாளியைத் தொட வேண்டும். குடும்ப மருத்துவப் பயிற்சியில் முதல் பாடமே இதுதான். மேல்கையில், தோலுக்கடியில் நெல்மணி அளவில் கிடக்கும் அந்தக் கருவி உடம்பைக் குளிர வைக்காது. சுடுகிறது என்று மூளைக்குப் போகும் செய்தியை மட்டும் மறித்துவிடும். தூத்துக்குடியில் ஐம்பது டிகிரி வெயிலிலும் உப்பளங்கள் நடப்பது அதனால்தான்.

ஜெசிந்தா நாற்பத்தாறு வயதில் இந்தப் பயிற்சிக்கு வந்தவள். அதுவரை ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் டாக்டராக இருந்தாள். அந்த வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. வீடு வீடாகப் போகிற வேலை மட்டும் மனிதர்களுக்கு மிஞ்சியது, ஏனென்றால் இந்த வெயிலில் இயந்திரங்கள் சூடேறிப் படுத்துவிடும். மனிதர்கள் அப்படிச் சுலபத்தில் படுப்பதில்லை. நமக்கு அதில் ஒரு பெருமை வேறு.

பயிற்சி முடியும்போது தெருக்காரர்கள் கூடி, இந்த டாக்டர் எங்களுக்கு வேண்டும் என்று ஏற்புப் பலகையில் கைரேகை வைக்க வேண்டும். முதல் தெரு அவளை வேண்டாமென்று விரட்டிவிட்டது. வெயில்தாங்கியை அணைத்ததும் ஆட்கள் துடித்துப்போவார்கள். யாருக்குத் தலை சுற்றுகிறது, யாருக்கு நாக்குக் குழறுகிறது என்று அந்தத் துடிப்பில்தான் தெரியும். வெப்பமானி உதவாது, அளத்திலிருந்து வரும் எல்லோருக்கும் அது காய்ச்சல் என்றே காட்டும். ஆனால் துடிக்க வைக்கிற டாக்டரை யாருக்குப் பிடிக்கும்? இது இரண்டாவது தெரு. இதிலும் தோற்றால் அவளுக்குப் பிழைப்பு இல்லை.

மதியம் உலகம்மாள் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தாள். உப்பு வாரிய கால்கள் வெளுத்துப்போயிருந்தன. ஜெசிந்தா அணைப்பானை எடுத்ததுமே அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அத மட்டும் வேண்டாம் டாக்டரம்மா. போன தடவ அணைச்சதுல மறுநாள் முழுக்க எந்திரிக்க முடியல. இன்னும் பாதி பாத்தி கெடக்கு."

"உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"ஒண்ணும் செய்யல. நல்லாத்தான் இருக்கேன்."

ஜெசிந்தாவுக்குப் பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. தெருவில் உலகம்மாள் சொன்னால் பத்து வீடு கேட்கும். அணைப்பானைப் பைக்குள் போட்டுவிட்டுப் புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. ஜெசிந்தாவின் மேல்கையிலும் ஒரு வெயில்தாங்கி ஓடிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் இந்தத் தெருவுக்குள் அவளால் நடந்தே வந்திருக்க முடியாது. அந்த நேரத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

சாயங்காலம் உலகம்மாளைப் பாத்தியிலிருந்து தூக்கி வந்தார்கள். கடைசிவரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் உப்பு வாரினாளாம். சரிந்து விழுந்ததும் அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஜெசிந்தா உலகம்மாளின் புருஷன் பேச்சிமுத்துவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அணைத்திருந்தால் தெரிந்திருக்கும், தெரிந்திருந்தால் அளத்துக்குப் போகவிட்டிருக்க மாட்டேன், நான்தான் அணைக்கவில்லை என்றாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளும் மனநிலையில்தான் நின்றாள்.

பேச்சிமுத்து அவள் கையிலிருந்த ஏற்புப் பலகையை வாங்கிப் பெருவிரலை அழுத்திப் பதித்தார்.

"போன வருசம் செத்தவுகள்லாம் டாக்டரு அணைச்சு, துடிச்சுக் கத்திச் செத்தாவ. எம்பொண்டாட்டி ஒரு நோவும் தெரியாமப் போனா." மேல்கையைப் பொத்திக்கொண்டார். "என்னையும் அப்படியே பாத்துக்கோங்க டாக்டரம்மா."

ஜெசிந்தா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பலகை அடுத்த வீட்டுக்காரியின் கைக்குப் போயிருந்தது. அவளுக்குப் பின்னால் தெருவே வரிசையில் நின்றது.