நெற்றியில் புற்றுமண்

வாசலூர்பட்டி மேட்டில் கார் நின்றபோது மதியம்தான். ஆனாலும் மூடுபனியில் எதிர்வீடுகூடத் தெரியவில்லை.

மகள் சுமித்ராவுக்கு இரத்தப் புற்றுநோய். அவள் தம்பியின் எலும்பு மஜ்ஜையை ஏற்றி, உயிரோடு கூட்டி வந்திருந்தான் வெள்ளையன். “ஒரு வருசத்துக்கு எந்தக் கிருமியையும் அவ உடம்பு தாங்காது. மண்ணு, பூவு, கூட்டம் எதுவும் ஆகாது” என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பாவாயி இப்படித்தான் வீட்டுக்குப் போய், நுரையீரலில் பூஞ்சை பிடித்துத் திரும்பிவந்து செத்தாள்.

வாசலில் பங்காளிகள் காத்திருந்தார்கள். செத்துப் பிழைத்தவர்களுக்குக் கோயில் புற்றுமண் பூசித்தான் வீட்டுக்குள் விடுவார்கள். பெரியவர் அர்த்தனாரி தட்டை நீட்டினார்.

“டாக்டரு வேண்டாம்னாருங்கண்ணா…”

“சாமி மண்ணு உனக்கு அழுக்காப் போச்சாடா?”

கூட்டம் சிரித்தது. ஊர் வாய்க்குப் பயந்தே வளர்ந்தவன் வெள்ளையன். கூசிப்போய்த் தட்டை வாங்கினான்.

“வேண்டாங்கப்பா…” என்று முனகினாள் சுமித்ரா.

காதில் விழாததுபோல், அவள் மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பூசினான். காய்ந்த பொடி மூக்கில் உதிர்ந்தது.

யாரோ அவன் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

சில்லிட்ட விரல்கள். ஆஸ்பத்திரி நெடி.

கூட்டத்துக்கு நடுவே, முடி கொட்டிய தலையோடு பாவாயி நின்றாள்.

கையை உதறினான். அங்கே பனி மட்டும்தான் இருந்தது.

வாரம் திரும்புவதற்குள் சுமித்ராவுக்குக் காய்ச்சல் கொதித்தது. இருமலில் இரத்தம் வந்தது. “மண்ணு கிண்ணு பட்டுச்சா?” என்று போனில் கேட்டார் டாக்டர்.

“இல்லீங்க” என்றான் வெள்ளையன்.

கார் மலையிறங்கியது. மகள் முகத்தைப் பார்க்கக் கூசி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஊர் சிரிக்குமென்று பெற்ற பிள்ளையைப் பலி கொடுத்த வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

பின்னால் சுமித்ரா நகர்ந்து உட்கார்ந்தாள்.

“என்ன கண்ணு?”

“பாவாயியக்கா உக்காரட்டுங்கப்பா.”

சீட்டு மெல்ல அமுங்கியது.

“அவங்கப்பாவும் டாக்டர்கிட்ட இல்லீன்னுதான் சொன்னாராம்.”

வெள்ளையன் போனை எடுத்தான்.

“டாக்டருங்க… பொய் சொல்லிப்போட்டனுங்க. புற்றுமண்ணு பட்டுச்சு. நானேதானுங்க பூசுனேன்.”

சொல்லி முடித்ததும் ஓவென்று அழுதான். பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது.

திரும்பிப் பார்த்தான். சுமித்ரா பக்கவாட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். யாரோ மடியில் வைத்திருப்பதுபோல, அவள் தலை சீட்டில் படாமல் ஒரு சாண் உயரத்தில் நின்றது.