பனித்தளத்தில் ஒரு பரிசு

"ஆஆஆ...!"

ஞாயிறு நண்பகல். அல்மாட்டி நகரப் பூங்காவின் பனிச்சறுக்குத் தளத்தில் எழுந்த அந்த அலறல், ஒலிபெருக்கியின் பாட்டையே நிறுத்திவிட்டது.

தொல்கின் விழுந்து கிடந்தாள். அவளது வலது சறுக்குக் காலணியிலிருந்து பிய்ந்த இரும்புத் தகடு பத்தடி தள்ளிக் கிடந்தது. கால் முறிந்திருந்தது. தலை, தடுப்புச் சுவரில் மோதாமல் ஒரு சாண் இடைவெளியில் தப்பியிருந்தது!

பூங்கா ரோந்தில் இருந்த இன்ஸ்பெக்டர் எல்தோஸ், ஒரு பெண் காவலருடன் ஓடி வந்து காலணியைப் புரட்டினார். தகடு இருந்த இடத்தில் எட்டுத் திருகாணித் துளைகள். பிய்ந்த தடம் இரண்டில் மட்டுமே! மற்ற ஆறும் சுத்தமாக இருந்தன. திருகாணிகளை யாரோ கழற்றியிருக்கிறார்கள்!

"யாரோட ஷூ இது?"

"என்னோடது சார்," என்றாள் ஜிபெக்.

கூட்டம் முணுமுணுத்தது. ஜிபெக்கின் கணவன் சாபித், ஞாயிறுதோறும் தொல்கினுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுப்பவன். கையைப் பிடித்து!

"இவ மேல உங்களுக்குப் பொறாமை. சரியா?"

"இல்லாம? வயிறு எரியுது சார்! இந்தக் குளிர்காலம் முழுக்க இவளுக்கு மட்டும் கை, இடுப்பு, வளைவுன்னு பாடம் நடக்குது. இன்னிக்குத்தான் சண்டை போட்டு நானும் வந்தேன்."

"வாயை மூடு ஜிபெக்!" சாபித் சீறினான்.

"நீங்க மொதல்ல அவ கையை விடுங்க!"

"கொலை முயற்சிம்மா இது. பல வருஷம் உள்ள இருக்கணும்," என்றார் எல்தோஸ்.

ஜிபெக் வெளிறினாள்.

"ஐயோ, நான் கழட்டல சார்! எனக்குப் போடத்தான் கொண்டு வந்தேன். ரொம்பக் குளிருச்சு... ஷூவைப் பெஞ்ச்ல வச்சுட்டுப் போய் டீ வாங்கிட்டு வந்து உக்காந்தேன். இவ வந்து, 'அக்கா, என்ன அழகு உங்க ஷூ! போடுங்கக்கா!'ன்னு பத்து பேர் முன்னால புகழ்ந்தா. ஒருத்தர் வாய்விட்டுப் புகழ்ந்துட்டா, அந்தப் பொருளை அவங்களுக்கே குடுக்கறதுதானே நம்ம ஊர் வழக்கம்? நாம வச்சுக்குவோமா சார்? குடுத்துட்டேன்."

எல்தோஸ் நிமிர்ந்தார்.

அப்படியானால்... விழ வேண்டியவள் ஜிபெக்!

"சாபித், பாக்கெட்டைக் காட்டுங்க."

சூரியகாந்தி விதைகள் மட்டுமே கொட்டின.

"தொல்கின், உங்க கோட்டு?"

அவள் கோட்டை இறுகப் பற்றிக்கொண்டாள். பெண் காவலர் விலக்கினார். ஆறு திருகாணிகள்! ஒரு திருப்புளி!

"எப்பக் கழட்டினீங்க?"

"இவ டீ வாங்கப் போனப்ப!" தொல்கின் வெடித்தாள். "எனக்குச் சொல்லிக் குடுத்த அதே வளைவை இவளுக்கும் சொல்லித் தரப் போறாராம்! எப்படிப் பொறுக்கும்? இவளோ போடாம டீயை உறிஞ்சுக்கிட்டே இருந்தா. சீக்கிரம் போடட்டும்னுதான் புகழ்ந்தேன்... வழக்கத்தை மறந்து வாய் முந்திக்கிச்சு!"

"சரி, நீங்க ஏன் போட்டீங்க?"

"குடுத்ததை வேணாம்னா அவமானமாச்சே! எல்லாரும் 'போட்டுக் காட்டு'ன்னு நின்னாங்க. ஓரமா ஒரே ஒரு சுத்து மெதுவாப் போயிட்டுக் கழட்டிடலாம்னு நெனச்சேன். இவர்தான் கையைப் பிடிச்சு வேகமாச் சுழட்டிட்டாரு!"

ஆம்புலன்ஸ் வந்தது. காவலுடன் தொல்கினை ஏற்றினார்கள்.

ஜிபெக் கணவனின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"ஏறுங்க."

"நானா? எதுக்குடி?"

"உங்களையும்தான் வாரா வாரம் புகழ்ந்திருக்கா. எடுத்துட்டுப் போகட்டும்!"