முள் சிவப்பைத் தொடுகிறது

மே மாதம் பதினோராம் நாள், பிற்பகல். அவனுடைய முறையீடு ஒன்றே ஒன்றுதான்: இரவெல்லாம் நிறுத்தி வைத்து ஆறிக் கிடக்கும் வண்டியில் சாவியைத் திருப்பியதும், வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. மறுநாள் அதே முள் அசையாமல் படுத்துக்கொள்கிறது. உள்ளதைச் சொல்வதற்கென்றே பொருத்தப்பட்ட கருவி, நினைத்தபோது நினைத்ததைச் சொல்லலாமா?

இந்த முறையீட்டோடு அவன் தன் பழைய வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திய பட்டறை, மனைவியின் தம்பியுடையது.

"என்ன அத்தான், காய்ச்சல் வண்டிக்கா உங்களுக்கா? இப்படி வேர்த்து ஊத்துது?" என்றான் மைத்துனன், கையைத் துணியில் துடைத்தபடி.

"வெளையாடாதடா. முள்ளு தாறுமாறா ஆடினாலும் சரியாத்தான் காட்டுதுன்னு நினைக்கிறேன். இன்ஜின்தான் கொதிக்குது. நல்லாப் பாரு."

"டாக்டர்கிட்ட வந்துட்டு நோயையும் நீங்களே சொல்லிட்டா, அப்புறம் எனக்கு என்ன வேலை?"

மைத்துனன் பானெட்டைத் திறந்தான். அவன் ஓரமாகக் கிடந்த டயர்மேல் உட்கார்ந்தான். இன்ஜின்மீதுதான் குற்றம் என்று யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தான்.

போன மாதம் ஓர் உச்சிவெயிலில், மருத்துவமனையிலிருந்து அப்பாவைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது முள் ஏறியது. இன்ஜின் கொதிக்கத் தொடங்கினால் ஹீட்டரை முழுவதும் திறந்துவிட வேண்டும். இன்ஜினின் சூட்டை அது வண்டிக்குள் இழுத்துக்கொள்ளும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அனைவரும் அறிந்த உத்தி இது. அவனும் அதையே செய்தான். முள் இறங்கவில்லை. மேலும் ஏறியது. அவன் ஹீட்டரை மேலும் கூட்டினான். அவன் பக்கக் கண்ணாடி இறங்கியிருந்தது. பின்கண்ணாடிகளை இறக்கக் கைப்பிடிகள் இல்லை. புழுதி வருகிறதென்று சொல்லியும் கேளாமல் அப்பா ஓயாமல் கண்ணாடியை இறக்குகிறாரே என்ற எரிச்சலில், அவற்றை அவனே முன்னொரு நாள் கழற்றி டேஷ்போர்டு அறைக்குள் போட்டிருந்தான்.

"ரொம்பச் சூடா இருக்காப்பா?" என்று திரும்பாமலேயே கேட்டான்.

"நான் தாங்கிக்கிறேன். நீ முள்ளைப் பாரு."

அவன் முள்ளைப் பார்த்தான். வீட்டு வாசல்வரை முள்ளை மட்டுமே பார்த்தான்.

வரும் வழியில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எல்லாரிடமும் சொன்னான். கைப்பிடிகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இன்ஜின் கொதித்தது, வேறு வழியில்லை: அந்த ஒரு வாக்கியத்தின்மேல் தலை வைத்துத்தான் அவன் இத்தனை நாளும் கண் மூடினான்.

பட்டறையில் வேலை நீண்டது. ரேடியேட்டரில் கூலண்ட் குறையவில்லை. சூடேறினால் திறந்து கூலண்டை ஓடவிடும் தெர்மோஸ்டாட், கழற்றிக் கொதிநீரில் போட்டபோது ஒழுங்காகத் திறந்தது. புதுச் சென்சார் மாட்டியும் முள் திருந்தவில்லை. இறுதியில் மைத்துனன் ஹெட்லைட்டைப் போட்டான். முள் ஏறியது. அணைத்தான். இறங்கியது.

"புடிச்சிட்டேன் திருடனை! மீட்டருக்குப் பின்னாடி எர்த் ஒயர் லூசு. கரண்ட் இழுக்கிற எதைப் போட்டாலும் முள்ளு எகிறும். இன்ஜின் பாவம் அத்தான், அது மேல ஒரு தப்பும் இல்ல."

"ஹீட்டர் போட்டா?"

"கேக்கவே வேணாம். ஃபேனைக் கூட்டக் கூட்ட முள்ளு ஏறிட்டே போகும். ஆனா இந்த வெயில்ல எந்தப் பைத்தியக்காரன் ஹீட்டர் போடுவான்?"

மைத்துனன் சிரித்தான். அவன் டயரிலிருந்து எழுந்தான்.

"ஒரு தடவை கூடவா கொதிக்கல?"

"கொதிச்சிருந்தா தடம் இருக்கும். இதுல ஒண்ணுமே இல்ல." மைத்துனன் ஒயரை இறுக்கிவிட்டுப் பானெட்டை அறைந்து மூடினான். "இனிமே முள்ளு பொய் சொல்லாது. தைரியமாப் போங்க."

வீடு திரும்பும் சாலையில் வெயில் சாய்ந்திருந்தது. முள் ஆணி அடித்தாற்போலப் பாதியில் நின்றது. முதலில் வந்தது நாற்றம்: வெயிலில் வெந்த ரெக்சினும், மருத்துவமனைச் சோப்பும், நெடுநேரம் சட்டைக்குள் ஊறிய வியர்வையும் ஒன்றாய்க் கலந்து, அன்று வாசலில் பின்கதவைத் திறந்தபோது முகத்தில் அறைந்த அதே நாற்றம். அதன்பின், பழக்கப்பட்ட ஒரு முதுகு மெல்லச் சாய்ந்து தனக்கு இடம் தேடிக்கொள்வதுபோல, பின்னிருக்கையின் சுருள்கம்பி நீளமாக முனகியது. ஹெட்லைட் எரியவில்லை. ஹீட்டர் ஓடவில்லை.

முள் ஏறியது.

ஓரங்கட்டினான். இன்ஜினை அணைத்தான். சாவியை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். இன்ஜின் ஓசை அடங்கிற்று. ஆனால் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு மூச்சு கிளம்பியது. சூடான மூச்சு. கணுக்காலைத் தொட்டது. முழங்காலுக்கு ஏறியது.

கதவைத் தள்ளினான். திறக்கவில்லை.

கண்ணாடியை இறக்கக் கையை நீட்டினான். கைப்பிடி இல்லை. வெறும் இரும்புத் தண்டு. அவன் பக்கத்திலும்.

டேஷ்போர்டு அறையைத் திறந்தான். துழாவினான். காலி.

பின்னால் ஓர் ஓசை. இரும்பில் இரும்பு உரசும் ஓசை. கைப்பிடிகளை மடியில் வைத்து யாரோ பொறுமையாக உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

பின்னோக்கும் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைக்கக் கை எழவில்லை. சாவி உள்ளங்கையைச் சுட்டது.

"ரொம்பச் சூடா இருக்காப்பா?"

கேட்டது அவன் இல்லை.

"தாங்கிக்க," என்றது காதருகே அந்தக் குரல், அன்பாகவே. "நீ முள்ளைப் பாரு."

அவன் முள்ளைப் பார்த்தான். சிவப்புக் கோட்டைத் தாண்டி, கோடுகளே இல்லாத கறுப்புக்குள் அது ஏறிக்கொண்டிருந்தது. இனி அது பொய் சொல்லாது.

வாசகரே, இதை மூடி வைத்துவிட்டு எழுந்திருங்கள். உங்கள் வண்டியின் பின்கண்ணாடி இறங்குகிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள். பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தால், முள்ளை விட்டுவிட்டு, முகத்தைத் திருப்பி, அவரைப் பாருங்கள்.